நான் கட்டிக்கொண்ட தீட்டுத்துணி

பெண்கள் சமாச்சாரம் என்றாலே எனக்குக் குமட்டும். ஈ மொய்த்த வடையை ஊதிவிட்டுத் தின்கிறவன்தான். ஆனால் குளியலறைத் தகரத்துக்குப் பின்னால் மனைவி என்ன காயவைக்கிறாள் என்று பதினைந்து வருடம் எட்டிப் பார்த்ததில்லை. மில்லில் நாளெல்லாம் துணி நெய்கிறவன், வீட்டில் ஒரு துணிக்குப் பயந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். அப்படியொரு சுத்தக்காரன்.

எங்கள் மகள் பெரியவளானது எண்பதுகளின் தொடக்கத்தில், சாரம் என்ற பகுதியில் குடியிருந்தபோது. அவளுக்கு இருப்பதை இன்று ஆட்டிசம் என்கிறார்கள். அன்று தெருவில் சொன்ன பெயர்களை எழுதினால் தாள் நாறும். பேச்சு குறைவு. புதிதாக எது வந்தாலும் பயம். புதுச் செருப்பில் நான் கட்டைவிரலையாவது நுழைத்து நாலு எட்டு நடக்க வேண்டும். புதுப் பாவாடையை நான் இடுப்பில் சுற்றிக்கொண்டு கூடத்தை வலம்வந்த பிறகுதான் அவள் கட்டுவாள். "அப்பா மொதல்ல" என்பாள்.

முதல் மாதம் "காயம், காயம்" என்று கத்தி, கையைக் கடித்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்தவள் நாலு நாள் எழவில்லை. சோறு இறங்கவில்லை. துணியைக் கட்டினால் பிய்த்தெறிந்தாள். அடுத்த மாதமும் அதே கதை. அதற்கப்புறம் குளியலறைக் கதவைக் கண்டாலே நடுங்கினாள்.

என் அக்கா வந்தாள். வெற்றிலையை மென்றபடியே தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னாத்துக்குடா இவளுக்கு இதெல்லாம்? கண்ணாலமா பண்ணப் போற? ஆஸ்பத்திரில சொல்லி கர்ப்பப்பைய எடுத்துடு. வர்ற வெள்ளிக்கெழம நானே வந்து இட்டுனு போறேன்."

பூசணிக்காயில் குடலை வழித்துப்போடச் சொல்வதுபோலச் சொன்னாள். மகளின் துணிகளை அலசி அலசிக் கை ஊறிப்போன என் மனைவியும் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, 'விட்டது தொல்லை' என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. சுத்தக்காரன் அல்லவா!

அக்கா போனதும் மனைவியிடம் கேட்டேன். "அந்தத் துணிய எடு."

"எதுக்கு?"

"கட்டிக்கத்தான். நான் மொதல்ல கட்னாத்தான அவ கட்டுவா? கோவணம் மாதிரிதான? எங்கப்பன் கட்டாததா!"

"ஒங்களுக்கு இன்னா, புத்தி கித்தி கலங்கிடுச்சா?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தகரத்துக்குப் பின்னால் போனாள். கூடவே போனேன். சாக்குக்கு அடியில், வெயிலே படாத மூலையில், பழைய புடவைக் கிழிசல். துவைத்ததுதான். ஆனாலும் நனைந்த எலியின் வாடை, அப்பளம்போல விறைப்பு. அதிலிருந்து ஒரு கரப்பான் இறங்கி ஓடியது.

"இதையா இத்தினி வருசமா கட்டுன?"

"வெயில்ல போட்டா நாலு பேரு பாப்பாங்க. மொதல்ல நீங்கதான் மூஞ்சியச் சுளிப்பீங்க."

துணியை உதறி வாங்கிக்கொண்டேன்.

அரை டிராயருக்கு மேலேயே கயிறும் துணியுமாகக் கட்டி மகளுக்குக் காட்டினேன்.

"அப்பா காயம்?"

"காயமில்லம்மா. துணிதான். ஒனக்கும் காயமில்ல."

முகர்ந்து பார்த்து மூக்கைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் அதோடுதான் மில்லுக்குப் போனேன். திரும்பியதும் மகளுக்குச் சட்டையைத் தூக்கி இடுப்புக் கயிற்றைக் காட்டியாக வேண்டுமே. எட்டு மணி நேரம் தறியில் நின்றதில் தொடை வெந்துவிட்டது. காலை அகட்டி அகட்டி நடந்தேன்.

பக்கத்துத் தறிக்காரன் கேட்டான். "இன்னா மாமே, மூலமா?"

"ஆமாம்பா."

"துத்தி இலைய வெளக்கெண்ணெய்ல வதக்கி வெச்சிக் கட்டு."

சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்தபடி அவரவர் மூலத்தை விவரித்தார்கள், அளவு உட்பட. எனக்குச் சோறு போன வழியே திரும்பப் பார்த்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லாமலே எனக்கு இந்தப் பாடு.

இரண்டு நாள்தான் தாங்கினேன். மூன்றாம் நாள் மில்லில் மெத்தென்ற வெட்டுத்துணி வாங்கிவந்து, துவைத்து, வாசல் கொடியில் நல்ல வெயிலில் போட்டேன். மகள் முகர்ந்தாள். மூக்கு திரும்பவில்லை. நான் ஒன்றைக் கட்டினேன். அம்மாவோடு உள்ளே போய் அவளும் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை அவளுக்குத் தீட்டு வந்துவிட்டது. அழுதாள், கையையும் கடித்தாள். ஆனால் துணியைப் பிய்க்கவில்லை. "காயமில்ல, துணிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து சோறு தின்றாள்.

மறுநாள் சொன்னபடியே அக்கா வந்து நின்றாள். கொடியைப் பார்த்தாள்.

"கருமம், கருமம்! இதப் போயி வாசல்லயா காயப் போடுவீங்க?"

"ஆஸ்பத்திரி வேணாம் அண்ணி," என்றாள் என் மனைவி. "அவ கட்டிக்கிறா."

உள்ளேயிருந்து வந்த மகள், மடித்த துணி ஒன்றை அக்காவிடம் நீட்டினாள். இந்த வீட்டில் எல்லோரும் கட்டிப் பார்ப்பது வழக்கம் என்று நினைத்துவிட்டாள் போல.

"அத்தையும்."

"கட்டிக்கக்கா, சும்மா மெத்துனு இருக்கும்," என்று சட்டையைத் தூக்கி என் கயிற்றைக் காட்டினேன்.

அக்கா படியிலேயே வெற்றிலைச் சாற்றைப் புளிச்சென்று துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். படியில் சிவப்பாகக் கிடந்த அந்த எச்சிலை நான்தான் வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். சே, என்ன அருவருப்பு!