எரியாத கை

மிளகாய்த்தூள் பட்ட கையை வாயருகே வைத்து அம்மா ஊதிக்கொள்ளும் "உஸ்... உஸ்..." என்ற சத்தம்தான், கோழிக்கறி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மற்றவர்களுக்கு மணம் நினைவுக்கு வருமாம், ருசி நினைவுக்கு வருமாம். வரட்டும், கொடுத்து வைத்தவர்கள். எங்கள் தெருவில் கறி சமைக்கும் நாளில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருத்தி கையை ஊதிக்கொண்டிருப்பாள், அல்லது தண்ணீர்க் குண்டானுக்குள் விரல்களை விட்டபடி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். மரக்காணத்தில் உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள் மட்டுமே குடியிருந்த தெரு அது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தி, வெள்ளை வெளேரென்று குவித்து வைத்த உப்பைப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அழகாகத்தான் இருக்கும். பாத்திக்குள் இறங்கி உப்பு வாருகிறவர்களின் உள்ளங்கை மட்டும் அந்தப் படத்தில் விழாது. உப்புத்தண்ணீரில் ஊறி ஊறித் தோல் வெளுத்துத் தடித்து, அப்புறம் வெயிலில் காய்ந்து, விரல் மடங்கும் இடமெல்லாம் வெடிக்கும். வெடித்த இடத்தை மறுநாளும் அதே தண்ணீரில்தான் நனைக்க வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்து அளம் மூழ்கி வேலை நின்ற பிறகுதான் தோல் கொஞ்சம் மூடும். அப்போது வீட்டில் அரிசி இருக்காது. "கை ஆறுனா வயிறு எரியுது, வயிறு ஆறுனா கை எரியுது" என்பாள் அம்மா. அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வதுதான் எனக்குப் பிடிக்காது.

அதனால் எங்கள் தெருவில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் "நல்ல கை" என்று ஒன்று இருந்தது. அளத்துக்குப் போகாத ஒருவரின் கை, அவ்வளவுதான் அர்த்தம். பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருக்கும். மிளகாய் கிள்ளுவது, கருவாட்டுக்கு மசாலா தடவுவது, கறி பிசிறுவது எல்லாம் அந்தக் கையின் வேலை. அப்படியும் அடுப்படியில் நிற்கிறவள் கையில் தூள் படாமல் தப்பாது. எங்கள் வீட்டு நல்ல கை என் அக்கா கௌரி. எனக்கு ஏழு வயது மூத்தவள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆனால் மசாலா டப்பாவின் பக்கம் என்னை விடமாட்டார்கள், கண்ணைக் கசக்கிக்கொள்வேன் என்று.

சித்திரை வெயில் உச்சிக்கு வந்ததும் எங்கள் வீட்டில் வருஷத்துக்கான கறி மசாலா தயாராகும். மிளகாயும் தனியாவும் மரக்காணத்திலேயே வாங்கிவிடுவார்கள். பட்டை, லவங்கம், ஏலக்காய், அன்னாசிப்பூ, கசகசா இவற்றுக்கு மட்டும் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு கூனிமேட்டு பாய் கடைக்கு பஸ்ஸில் போவாள். மற்ற கடைகளில் லவங்கத்தை எண்ணெய் எடுத்துவிட்டுச் சக்கையைப் போடுகிறார்கள் என்பது அவளுடைய உறுதியான கட்சி. ஒன்றை எடுத்து நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். பாயும் "டீச்சரம்மா பாத்து எடுத்துக்கட்டும்" என்று கேலி செய்வார். வாங்கி வந்ததையெல்லாம் மொட்டை மாடியில் காயவைத்து, அந்தந்தச் சாமானை அதனதன் பக்குவத்தில் இரும்புச் சட்டியில் வறுப்பாள். மிளகு வெடிக்க வேண்டும், சோம்பு சிவக்கக் கூடாது, கறிவேப்பிலை கையில் நொறுங்க வேண்டும், மிளகாயைக் கடைசியில்தான் போட வேண்டும். மிளகாய் விழுந்த பிறகு தெருவே தும்மும். மிஷினில் அரைத்து வந்த தூளை பேப்பரில் பரப்பிச் சூடு ஆறவிட்டு, கொஞ்சம் நல்லெண்ணெய் தெளித்து, கட்டி இல்லாமல் உள்ளங்கையால் பிசிறிப் பிசிறி டப்பாவில் அடைப்பாள். கடற்காற்றில் தூள் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்காமலிருக்க அந்த எண்ணெய். உப்பு மட்டும் சேர்க்கக் கூடாது; அள உப்பு சேர்ந்தால் மழைக்காலத்தில் மசாலா நீர்விட்டுக்கொள்ளும். உப்பு விளையும் ஊரில் உப்பில்லாத மசாலா.

கரண்டியால் கலக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கலக்கிப் பார்த்தோம். கீறிய கோழித் துண்டுக்குள் மசாலாவும் எலுமிச்சைச் சாறும் இறங்க வேண்டுமென்றால் விரல்தான் வேண்டும். எதிர்வீட்டு ராணி அத்தை ஒருமுறை கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு பிசிறினாள். எலும்பு குத்திக் கவர் கிழிந்து, மசாலா உள்ளே புகுந்து, கவரைக் கழற்றுவதற்குள் அவள் போட்ட கூச்சலில் நாய்கள்கூட எழுந்துவிட்டன. அதற்கப்புறம் அவளும் அக்காவைத்தான் கூப்பிடுவாள், அவள் வீட்டில் பிள்ளைகள் இல்லாததால்.

அக்காவுக்கு அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம்தான். ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை மூன்று நான்கு வீடுகளுக்குக் கறி பிசிறிக் கொடுத்துவிட்டு, முழங்கை வரைக்கும் சிவக்கச் சிவக்க வீட்டுக்கு வருவாள். பிளஸ் டூ முடித்ததும் திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும், சாக்பீஸ் பிடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவளைவிட அம்மாவுக்கு அது பெரிய ஆசை. "நானு செத்தாலும் சரி, என் பொண்ணு அளத்துல கால வெக்கக் கூடாது" என்று மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றிச் சொல்லியிருக்கிறாள். பொண்ணு என்றால் கௌரி. நான் அப்போது கணக்கிலேயே கிடையாது.

அந்த வருஷம் அக்கா பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்தாள். சித்திரையில் மசாலாவும் அரைத்தாகிவிட்டது. மாதக் கடைசியில் அப்பாவின் குதிகாலில் உப்புக்கட்டி ஒன்று கிழித்தது. அளத்தில் இதெல்லாம் ஒரு காயமா என்று துணியைக் கட்டிக்கொண்டு மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். கால் வீங்கி நிற்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் அவருக்குச் சர்க்கரை இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. உப்பில் இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் கூலியில் ஓடிய வீடு அம்மாவின் கூலியில் ஓடவில்லை. வைகாசியில் ஒரு நாள் விடிவதற்கு முன் அக்காவும் அம்மாவோடு கிளம்பினாள், அப்பாவின் பழைய சட்டையைப் பாவாடை தாவணிமேல் போட்டுக்கொண்டு.

"அப்பா கால் ஆர்ற வரைக்கும்தாம்மா" என்றார் அப்பா, கட்டிலில் படுத்தபடியே. "ஆறுனதும் நீ போவ வேணாம். அடுத்த வருசம் படிக்கப் போய்க்கலாம்."

"சரிப்பா" என்றாள் அக்கா.

கால் ஆறுகிற வரைக்கும் என்ற அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னோம். பாஸாகிவிட்டாள் என்று தெரிந்த அன்றைக்கும் சொன்னோம். தினமும் சாயங்காலம் அம்மா கட்டை அவிழ்த்துப் பார்ப்பாள். நாங்கள் எட்டிப் பார்ப்போம். அக்கா மட்டும் "நேத்துக்கு இன்னிக்குப் பரவால்ல இல்லம்மா?" என்பாள். அம்மா "ம்" என்பாள்.

ஆடி வந்தது. கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை ராணி அத்தை வாசலில் நின்று, "ஏம்மே கௌரி, கறி கழுவி வெச்சுட்டேன், ஓடியா" என்று கூப்பிட்டாள். பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டாள், பாவம். அக்கா ஒரு கணம் நின்றாள். பிறகு எங்கள் மசாலா டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

குண்டானுக்குள் கையை விட்டாள். அவள் தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி நின்றதை நான் பார்த்தேன். கையை எடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, வழக்கம்போல ஒவ்வொரு துண்டாகத் திருப்பி, கீறலுக்குள் விரலை விட்டு அழுத்தி, முழுக் கறியையும் பிசிறி முடித்தாள். எலுமிச்சம்பழத்தை அவளேதான் பிழிந்தாள். ராணி அத்தை அடுப்பு பற்றவைக்கும் மும்முரத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. "அத்த, போதுமா பாரு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்தவள், தெருவைத் தாண்டும் வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தாள். எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு, நெற்றியைத் தொட்டி விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றாள்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இன்னாடி கைய மறைக்கிற? காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுடி."

வெளியே எடுத்துக் காட்டினாள். மாசக்கணக்கில் பக்கத்துப் பாத்தியில் நின்று வேலை செய்கிறவள்தான் அம்மா. அந்தக் கையைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். ஆனாலும் அன்றைக்குத்தான் அவள் அதைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நெடுநேரம் பிடித்து வைத்திருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சின்னவளே, இங்க வா. இனிமே நீதான் கறி பெரட்டணும்" என்றாள்.

அக்கா அதுவரைக்கும் அழவில்லை. அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே "கண்ணுல வெச்சுக்காதடி" என்று என்னிடம் சொன்னாள். அப்பா கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்கள் வீட்டுக் கறியைப் பிசிறினேன். எனக்குப் பெரிய மனுஷியாகிவிட்ட சந்தோஷம், எதுவும் விளங்கவில்லை. அன்றைக்கு அம்மா கறி சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் யாரும் கால் ஆறுகிற கதையைப் பேசவில்லை. காலை எடுத்தார்கள், இரண்டு மழைக்காலம் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டால் ஒரு கையைத்தான் உப்பில் படாமல் காப்பாற்ற முடிந்தது. அது என் கையாகிப் போனது. அம்மாவும் அக்காவும் வாரிய உப்பில் நான் படித்து, புதுச்சேரியில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். அக்காவை அளத்து வேலைக்காரருக்கே கட்டிக் கொடுத்தார்கள். அதே தெரு, அதே வேலை. அம்மா இப்போது இல்லை.

வீட்டில் வறுத்து அரைத்த மசாலாவைப் போல் வருமா என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். இப்போது எங்கள் தெருவில் யாரும் வறுப்பதில்லை, அரைப்பதில்லை. கடையில் தோரணமாகத் தொங்கும் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டுகிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு நல்ல கையின் தேவையும் ஒழிந்தது நல்லதென்றுதான் நினைத்திருந்தேன், போன ஆடி வரைக்கும்.

போன ஆடிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் நிவேதா பி.காம். படித்தவள். புதுச்சேரி பக்கம் ஒரு கம்பெனியில் வேன் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தாள்; ஆட்குறைப்பு என்று நிறுத்திவிட்டார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். வேறு எங்காவது சேர்ந்திருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கறியைக் கழுவி வைத்தாள், பாக்கெட்டை வைத்தாள், எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தாள். வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். அவள் துப்பட்டாவுக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க பெரட்டிக் குடுக்குறீங்களா சித்தி?" என்று கேட்டாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நானும் அம்மா கூட அளத்துக்குப் போறேன் சித்தி, தையிலேர்ந்து" என்று சிரித்தாள். "வேற வேல கெடைக்கிற வரைக்கும்தான்."

அந்த "வரைக்கும்" என் காதில் விழுந்ததும் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் போய்விட்டாள். எனக்கு யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. திட்ட ஆள் யாரும் அங்கே இல்லை. வளையலை மேலே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து, பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டி, ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பிசிறினேன். நிவேதா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரியலையா சித்தி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.