எழுந்து வந்ததை எழுதவில்லை

நேற்றுக் காலையில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண் குரல். அரசுத் திட்டங்களைப் பற்றி என்னுடைய கருத்து வேண்டுமாம். திருப்தி என்றால் ஒன்றை அழுத்த வேண்டும், இல்லையென்றால் இரண்டை. கையெல்லாம் உப்பு. முந்தானையில் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, எந்தத் திட்டம்?" என்று கேட்டேன். பதிவு செய்த குரல் என்று தெரியும், தெரிந்துதான் கேட்டேன். மனிதர்கள் கேட்டால் எனக்கு வாய் திறக்காது, இயந்திரத்திடம் மட்டும் தைரியம் வரும். நான் இரண்டைத் தேடுவதற்குள் அது நன்றி சொல்லி வைத்துவிட்டது. என் பெயரில் எதை எழுதிக்கொண்டதோ? அதிலிருந்து மனசு சரியில்லை.

போனைக் குறை சொல்ல நான் உட்காரவில்லை. காற்று மாறப்போவதை அதில்தான் முதலில் சொல்கிறார்கள். போன மழைக்காலத்தில் என் தம்பி மகன் கடலுக்குப் போகாமல் கரையில் நின்றது அதனால்தான். ஆனால் கேள்வியும் அவர்களுடையது, பதிலும் அவர்கள் வைத்த இரண்டுதான் என்றால், அதற்குப் பெயர் கேட்பதா? ஐந்தாவது வரை படித்தவள் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக் கை என்றதும் ஏரிச் சேறு நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரோரம் கடல் தண்ணீர் ஏறுகிற ஏரியில், முழங்காலுக்கு மேல் போகாத ஒரு பகுதி இருந்தது. பெயரெல்லாம் கிடையாது, 'சேறு' என்றால் அதுதான். பெண்கள் வரிசையாக உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் அடியைத் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பறிக் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும்.

"பறிய கவ்விகினே இருந்து உனக்குப் பேச்சே மறந்துபோச்சு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் பக்கத்தில் நகர்ந்து வருகிற என் கூட்டாளி ஆரோக்கியத்துக்கும் அதே பறிதானே? அவள் கயிற்றைக் கவ்விக்கொண்டே ஊர் வம்பு முழுக்கப் பேசுவாள். பாதிதான் புரியும். புரியாத பாதிக்கும் சேர்த்துச் சிரிப்போம்.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கமில்லை. ஓரமாக உட்கார்ந்து கேட்போம். சொல்வது பிடித்திருந்தால் கடைசியில் டீ வரும்வரை இருப்போம். பிடிக்கவில்லையென்றால் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவோம். அவ்வளவுதான், அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒருமுறை கரையில் ஓர் இடத்தை வெளியூர் வியாபாரிக்கு ஐஸ் கொட்டகை போட விடலாம் என்று ஊர்ப் பெரியவர் சொன்னார். முதலில் எழுந்தது அவர் சம்சாரம்தான். "சரி சரி, குந்துங்க. வேணான்னா வேணாம், ஊட்ல சோறு வேணும் எனக்கு" என்றார் மனுஷன்.

எல்லாக் கூட்டமும் இப்படித்தான் நடக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டு, அரசாங்கத்திலிருந்து கருத்துக் கேட்க வந்தார்கள். இன்றைக்கும் ஈரத் துணி நாற்றம் வந்தால் எனக்கு அந்தச் சாமியானா ஞாபகம்தான். வந்த அதிகாரி நல்ல மாதிரி, எல்லோரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டார். வாசலிலேயே ஒரு நோட்டு. பெண்களில் எழுதத் தெரிந்தவள் நான் என்பதால் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள்.

"இன்னாடி போட்டுக்குது அதுல? படிச்சிப் பாத்தியா?" என்றாள் ஆரோக்கியம்.

"வந்தவங்க பேருதான்டி. வை" என்றேன். நான் கையெழுத்துப் போட்டேன், எனக்குக் கீழே எல்லோரும் பெருவிரல் வைத்தார்கள்.

வெள்ளைத் துணியில் ஏரியைக் காட்டினார்கள், வானத்திலிருந்து எடுத்த படமாம்.

"நம்ம எங்கடி கீறோம் இதுல?" என்றாள் ஆரோக்கியம்.

"மேலருந்து பாத்தா நம்ம தல ஒரு புள்ளிகூட வராதுடி."

"தெரிஞ்சிருந்தா ஒரு நாளு அண்ணாந்து பாத்துகினு தடவியிருப்பேன்."

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் எங்கள் சேற்றின் மேல் சிவப்புக் கோடு வந்துவிட்டது. அங்கே கல் கொட்டி, சாலை போட்டு, மீன் இறக்கும் மேடை கட்டப்போகிறார்களாம். பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'பயன்பாடற்ற சதுப்பு'.

"பெண்கள் பக்கம் ஆட்சேபம் இருந்தா தயங்காம சொல்லுங்கம்மா" என்று அதிகாரி மைக்கை நீட்டினார். படித்தவள் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மைக்கை வாங்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தேன். ஆரோக்கியம் எழுந்தாள். ஒருத்தி மிச்சமில்லாமல் எழுந்தார்கள். ஊர்ப் பெரியவர் எங்களைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்தது. ஆனால் படகுக்கு மேடை வருகிறதே என்ற ஆசை ஆண்களுக்கு.

"மொதல்ல எழுந்தியே, சும்மா சொல்லக்கூடாது, உன்னாண்ட தைரியம் கீதுடி" என்றாள் ஆரோக்கியம், வழியெல்லாம். அன்றைக்கு நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

லாரியில் கல் வந்தபோது ஆபீசுக்குப் போனோம். கோப்பை எடுத்துக் காட்டினார்கள். 'கலந்துகொண்ட பெண்களிடமிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை.' கீழே பட்டியல், முதல் பெயர் என்னுடையது.

"நாங்க எழுந்து வன்ட்டோமே சார்!" என்றாள் ஆரோக்கியம்.

"வீட்ல வேலை இருக்குன்னு போறீங்கன்னு நெனச்சேம்மா" என்றார் அதே அதிகாரி. அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கோப்பில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மைதான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பொய் எழுதியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அரசாங்கம் ஜனங்களைக் கேட்கவில்லை என்று சிலர் பேசுகிறார்கள். கேட்டது ஐயா, மைக் வைத்துக் கேட்டது. நாங்கள் எப்படிப் பதில் சொல்வோம் என்பதைத்தான் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மேடை வந்ததால் ஆண்களுக்கு நல்லதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சேறு போன பிறகு ஆரோக்கியம் எளாவூரில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டாள். லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் பாத்திரம் கழுவுகிறாளாம். போகும்போது, "மனசுல வெச்சிக்காத, எல்லாரும்தான எழுந்தோம்" என்றாள். எல்லோரும்தான். முதலில் நான்.

இப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் மைக்குக்கு அடித்துக்கொள்கிறார்கள். போன மாதக் கூட்டத்தில் நான்கூட வாங்கி, "எனக்கு ஆட்சேபம் இருக்குது, எழுதிக்கோங்க" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"சோலார் வெளக்குதாம்மா வைக்கப்போறோம்" என்றார் புதிதாக வந்த அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். இருந்தாலும் அவர் எழுதிக்கொண்டார், எட்டிப் பார்த்தேன்.

விளக்கை மேடையோரம் நட்டிருக்கிறார்கள். அதன் அடியில் சேறு இறுகித் தரையாகி, லாரி திரும்புகிற இடமாகிவிட்டது. நாங்கள் கையால் தடவிய இடத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நானும்தான்.