அளவுச் சாப்பாடு

தொழிற்சாலை கேண்டீனில் இருபத்திரண்டு வருடமாகத் தலைமைச் சமையல்காரி என் அக்கா. ஒரு வேளைக்கு நானூறு பேர். தட்டில் மிச்சம் வைத்தால் அவளுக்குப் பொறுக்காது. மேலாளரே அவள் தலை தெரிந்தால் தட்டை வழித்துவிடுவார். அவள் வயிற்றில் வந்து பிறந்தது, சோற்றைக் கண்டாலே முகம் சுளிக்கும் ஒரு மகள்.

முதலில் கொழுப்பு என்றோம். பிறகு பிடிவாதம் என்றோம். அவளுக்கு மாதவிலக்கு நின்றது, வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை, கன்னத்தில் பூனைமுடி முளைத்தது. படியில் மயங்கி விழுந்த அன்றுதான் அது நோய் என்று எங்கள் மரமண்டைக்கு உறைத்தது. பத்தொன்பது வயதில் நாடி கிழவியின் நாடியைவிட மெதுவாக ஓடியது.

ஆஸ்பத்திரியில் அளந்து அளந்துதான் கொடுத்தார்கள். தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பட்டினியில் காய்ந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் இருக்கும் உப்புச்சத்துகள் மளமளவென்று இறங்கி இதயம் தடுமாறும், வெளிச்சாப்பாடு கூடவே கூடாது என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அக்கா தலையாட்டினாள்.

வெளியே வந்ததும், "குருவிக்குப் போடுற மாதிரி போடுறான். இவனெல்லாம் ஒரு டாக்டரா?" என்றாள்.

மூன்றாம் நாள் ஒரு டப்பா நிறையச் சோறும் இனிப்பும் வைத்து என்னிடம் கொடுத்தாள். அவள் பையை நர்ஸ் துழாவுவாள், என்னுடையதைப் பார்க்கமாட்டாள். டாக்டர் சும்மா பயம் காட்டுகிறார் என்றுதான் எனக்கும் பட்டது.

"டாக்டர் வேணாம்னாரே மாமா."

"அம்மா மனசு நோகும். ரெண்டு வாய் சாப்பிடும்மா."

எங்களைப் படுத்தியது போதும் என்று நினைத்தாளோ என்னவோ, அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் காலையில் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. வெளியிலிருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டபோது இல்லை என்று தலையசைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மதியம் இதயம் நின்றது.

பிறகு டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இரண்டு நாள் சாப்பாடுதான் கொன்றது, காலையிலேயே சொல்லியிருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் பட்டினி போட்டே கொன்றுவிட்டார்கள் என்று கேண்டீன் முழுக்கச் சொல்கிறாள். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மட்டும் கொண்டுபோய்க் குடுக்கலன்னா எம்புள்ள வெறும் வயித்தோட போயிருப்பா. நீ நல்லா இருக்கணும்டா தம்பி."