முதலில் எழுதியதும் இப்போது இருப்பதும்

எங்கள் கம்பெனியில் என்னை எடுத்தது டெஸ்டராக. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. கண்டுபிடித்துச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது என்பதைத் தவிர நல்ல வேலைதான். குறையைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒரு கட்டத்தில் நானே திருத்த ஆரம்பித்தேன். திருத்துகிறவள் ஒருத்தி கிடைத்தாள் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார்கள். வலைப்பக்கம் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்த நாங்கள் எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் லைப்ரரியில் இன்றைக்குப் பாதிக்கு மேல் நான் எழுதியது. பதவி மட்டும் டெஸ்டர்.

இந்த அப்ரைசலில் அதை மாற்றிவிடுவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்தார். "சீனியர் டெவலப்பர்னு போட்டுடறேன்மா, நீ கவலையே படாத." நானும் படவில்லை. வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன். அம்மா எங்கள் பேட்டை ஜோகுபாளையம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மேனேஜர் நல்ல மனிதர். சேலத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஒயிட்ஃபீல்டில் வீடு வாங்கியவர். நான் பிறந்ததே இந்த ஊரில். ஆனாலும் என் தமிழைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ எப்பம்மா பெங்களூர் வந்த?" என்பது. "நான் வரல சார். இங்கியேதான் இருந்தேன், நீங்கதான் வந்தீங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த பொங்கலுக்கு "ஊருக்குக் கிளம்பலியா?" என்று அக்கறையாக விசாரித்தார். அவருக்குள் ஒரு தடவை எழுதியது எழுதியதுதான்.

லைப்ரரியில் எனக்கும், அதை வடிவமைத்த எங்கள் ஆர்க்கிடெக்டுக்கும் நடந்த சண்டையும் இதைப் பற்றித்தான். ஒரு பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். பக்கத்தை எழுதியவர் அதில் "பெங்களூர்" என்று போட்டு அனுப்பியிருக்கிறார். நீங்கள் அதை அழித்துவிட்டு "ஓசூர்" என்று அடிக்கிறீர்கள். இப்போது அந்தப் பெட்டிக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலில் எழுதி அனுப்பியது அட்ரிபியூட்; அது "பெங்களூர்" என்றே உட்கார்ந்திருக்கும். இந்த நிமிஷம் திரையில் இருப்பது ப்ராப்பர்ட்டி, அது "ஓசூர்". எங்கள் லைப்ரரியிலோ இரண்டையும் கேட்க ஒரே ஃபங்ஷன், அதாவது கேட்டால் பதில் சொல்லும் ஒரு துண்டு புரோகிராம். அது எப்போது எதைச் சொல்லும் என்று அதற்கே தெரியாது. டிக் அடிக்கும் கட்டத்தைக் கேட்டால் புதியதைச் சொல்லும், எழுத்துப் பெட்டியைக் கேட்டால் பழையதைச் சொல்லும்.

இரண்டாகப் பிரிப்போம் என்றேன். முதலில் எழுதியதைக் கேட்க ஒரு ஃபங்ஷன், இப்போது இருப்பதைக் கேட்க இன்னொன்று. அந்த ஒற்றை ஃபங்ஷனைப் பெற்றெடுத்தவர் ஆர்க்கிடெக்ட். பெற்ற பாசம் அவரை விடவில்லை.

"எதுக்கு ரெண்டு? பேஜ் எழுதறவங்களுக்கு எவ்ளோ தலைவலி! அவங்க கேக்கட்டும், எது வேணும்னு நாமளே புரிஞ்சுக்கலாம்."

"நாம சும்னே புரிஞ்சுக்கறதாலதான் இவ்ளோ கம்ப்ளைண்ட் வருது" என்றேன். எங்கள் ஊர்த் தமிழில் சும்மா என்பது சும்னே.

ரிவ்யூவுக்கு வந்த அத்தனை பேரும் அவர் பேசும்போது அவருக்குத் தலையாட்டினார்கள், நான் பேசும்போது எனக்கு ஆட்டினார்கள். எங்கள் ஆபீஸில் இதற்குக் கருத்தொற்றுமை என்று பெயர். நான் கடைசியாகப் பேசினேன், அதனால் ஜெயித்தேன்.

பழையதன் இடத்தில் இரண்டு புதிய ஃபங்ஷன்களும் வெளியே போயின. மறுநாளே மற்ற டீம்களிலிருந்து கூப்பாடு. பழைய ஃபங்ஷன் சொல்லும் தப்பான பதிலை நம்பி ஏகப்பட்ட பக்கங்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். சரியான பதில் வந்ததும் அவை படுத்துவிட்டன. ஆர்க்கிடெக்ட் முகத்தில் அப்படி ஒரு களை. ஒரே வாரத்தில் சமரசத் திட்டத்தோடு வந்தார். புதிய ஃபங்ஷன்கள் இருந்துவிட்டுப் போகட்டும், பழையது பழையபடியே உளறட்டும், விருப்பப்பட்டவர்கள் மாறிக்கொள்ளட்டும். அதற்குக் கைதட்டல் வேறு. நானும் தட்டினேன், சும்மா நின்றால் பொறாமை என்பார்கள்.

பிறகு அப்ரைசல் முடிவு மெயிலில் வந்தது. பதவி: டெஸ்டர்.

எனக்கு அழுகைதான் வந்தது. அழுதால் பேச முடியாது என்பதால் கோபத்தோடு மேனேஜரிடம் போனேன்.

"என் கையால டைப் பண்ணேன்மா! டெஸ்டரை அழிச்சுட்டு சீனியர் டெவலப்பர்னு அடிச்சேன். சேவ்டுன்னு பச்சையா வந்துச்சு. சத்தியமா!"

அவர் முகம் பொய் சொல்லும் முகமல்ல. அந்த அப்ரைசல் பக்கத்தைத் திறந்து உள்ளே பார்த்தேன். நாம் எழுதியதை முதலில் நாமே உபயோகிக்க வேண்டும் என்பது மேனேஜரின் கொள்கை. அதனால் அப்ரைசல் பக்கமும் எங்கள் லைப்ரரியில்தான் எழுதப்பட்டது. எழுதியவர் ஆர்க்கிடெக்ட். சேவ் பட்டனை அழுத்தினால் பதவிப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவருடைய செல்லப் பழைய ஃபங்ஷனைக் கேட்டிருந்தார். மேனேஜர் ஆசையாக அடித்ததை அது திரும்பியும் பார்க்கவில்லை. பக்கம் வரும்போதே எழுதியிருந்த "டெஸ்டர்" என்பதை எடுத்து அனுப்பிவிட்டது. எங்கள் டீமில் இந்த முறை பதவி மாற வேண்டியவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்குப் பழையதும் புதியதும் ஒன்றாகவே இருந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

எச்.ஆரில் கேட்டேன். "இந்த சைக்கிள் லாக் ஆயிடுச்சு, இனிமே நெக்ஸ்ட் இயர்தான்" என்றார்கள். மேனேஜர் தானே போய்க் கேட்டார். அவருக்கும் அதே பதில், கூடுதலாக ஒரு காபி.

ஆர்க்கிடெக்டிடம் போனேன். முழுவதும் கேட்டார். வருத்தப்பட்டார் என்றும் சொல்லலாம்.

"அந்த ஃபங்ஷனை நம்பி எத்தனை பேஜ் ஓடுது தெரியுமா? ஒருத்தருக்காக அதை மாத்த முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"ஃபங்ஷனை மாத்த வேணாம். உங்க பேஜ்ல அந்த ஒரு வரிய மாத்துங்க."

"முறையா பக் போடுங்க, பாக்கலாம்."

குறையை சிஸ்டத்தில் எழுதி முறையாகப் போட்டேன். அவரும் முறையாகத் திருத்தினார். இப்போது இருப்பதைக் கேட்க நான் எழுதிய புதிய ஃபங்ஷனைத்தான் அந்த வரியில் போட்டார். போட்டுவிட்டு, பக்கத்தை மேம்படுத்தியதாக எல்லாருக்கும் ஒரு மெயில். திருத்தியதைச் சோதித்துப் பார்த்துச் சரி என்று யாராவது சொன்னால்தான் பக்கை மூட முடியும். யார் சோதிப்பது என்பதை சிஸ்டமே பார்த்து முடிவு செய்யும். எங்கள் டீமில் பதவி டெஸ்டர் என்று இருப்பது யாருக்கு என்று தேடியது. என் பெயருக்கு அனுப்பிவிட்டது.

அசல் பக்கத்தில் சோதிக்கக் கூடாது. அதற்கென்று டெஸ்ட் சர்வரில் ஒரு நகல் உண்டு. அதைத் திறந்தேன். என் பெயருக்கு நேராக இருந்த "டெஸ்டர்" என்பதை அழித்துவிட்டு "சீனியர் டெவலப்பர்" என்று அடித்து சேவ் செய்தேன். பக்கத்தை மூடி மறுபடி திறந்தேன். அடித்தது அப்படியே இருந்தது. சரியாக வேலை செய்கிறது என்று எழுதி பக்கை மூடினேன்.

யாரும் அதை அழிக்கவில்லை. டெஸ்ட் சர்வரில் நான் இன்றுவரைக்கும் சீனியர் டெவலப்பர்.