வங்கி இன்னும் ஓம் சொல்லவில்லை

புலம்பெயர்ந்து வந்து ரூஜ் என்ற புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் விலை, அதன்மேல் இருந்த வங்கிக் கடனுக்கும் கீழே இறங்கியபோது, அப்பாவின் வேலை நேரமும் பாதியாகியிருந்தது. மிஞ்சிய வழி ஷோட் சேல்: கடனைவிடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்பது. அதற்கு வங்கி சம்மதிக்க வேண்டும், அதுவரை வாங்குபவர் பொறுத்திருக்க வேண்டும். அவர் போய்விட்டால் வங்கியே வீட்டைப் பிடித்து விற்கும். அயலவர் பார்த்திருக்க வெளியேற்றப்படுவதுதான் அம்மாவின் பயம்.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலை செய்பவள். வீட்டை வாங்க முன்வந்தவர் அம்மாவின் வயதுள்ள ஒரு பெண், நாங்கள் அன்ரி என்று கூப்பிட்டோம். அவருடைய ஏஜென்டுக்கு ஒரு பக்கத்தில் பட்டியல் எழுதி அனுப்பினேன். விற்பவருக்கு ஒரு சதமும் வராது, ஆகவே எங்களோடு பேரம் பேசிப் பயனில்லை. வீடு இருக்கிறபடிதான், எதையும் திருத்தித் தரமுடியாது. அப்பாவின் கையெழுத்து முடிவல்ல. வங்கியின் பதிலுக்கு மாதங்கள் ஆகலாம், திகதி சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள்.

பதிலுக்கு ஒரு பெருவிரல் உயர்த்திய படம் வந்தது. மறுநாளே அவர் அன்ரியிடம் வைகாசிக்குள் குடிபுகலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனியும் ஆடியும் குடிபுக ஆகாத மாதங்கள். விட்டால் ஆவணிதான்.

"தங்கச்சி, அப்பா சைன் வைச்சிட்டார். இனி என்ன?" என்றார் ஏஜென்ட் தொலைபேசியில்.

"அண்ணை, நான் அனுப்பினதில மூண்டாவதை வாசிச்சனீங்களோ?"

வாசிக்கவில்லை. வைகாசி முடிய ஒரு கிழமை இருக்கையில் அன்ரி நேரே வந்துவிட்டார். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியைத் திருத்தித் தருவோமா, உடுப்புத் தோய்க்கும் மெஷினை விட்டுப் போவோமா என்று கேட்டார். பிறகு, வைகாசிக்குள் முடியாவிட்டால் வேறு வீடு பார்க்கப்போவதாகச் சொன்னார்.

"அன்ரி, இந்த வீட்டை விக்கிறதோ விடுறதோ பாங்கின்ர கையில. எங்களுக்கு இதில ஒண்டும் மிஞ்சாது" என்றேன்.

அன்ரி அம்மாவைப் பார்த்தார். "ஒண்டுமேயோ?"

"ஒண்டுமில்லை" என்றார் அம்மா.

அன்ரி அடுப்பைப் பார்த்தார். "அப்ப வெள்ளிக்கிழமை வந்து பாலை மட்டும் காய்ச்சிப்போட்டுப் போறன். சாமான் ஆவணியில வரட்டும்."

வங்கி மறுத்தால் காய்ச்சின பாலுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை, நாங்கள் குடியிருக்கும் வீட்டில், எங்கள் அடுப்பில், அன்ரியின் பால் பொங்கி வழிந்தது. ஏஜென்ட் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தார். எனக்கும் ஒரு கப் தந்தார்கள். எரிச்சலோடு குடித்துவிட்டு அடுப்பைத் துடைத்தேன்.

வங்கி ஒரே தாள்களை இரண்டு தரம் கேட்டது. ஆனி போய்விட்டது. பொறுமையிழந்த ஏஜென்ட் வேறு இரண்டு வீடுகள் காட்டியும் அன்ரி அசையவில்லை. பால் காய்ச்சின வீடு இருக்க இன்னொன்று எதற்கு என்றாராம்.

ஆடி நடுவில் வங்கியின் சம்மதக் கடிதம் வந்தது. முதலில் அழைத்தவர் ஏஜென்ட்தான்.

"பாத்தீரோ தங்கச்சி, சொன்னமாதிரி முடிச்சுத் தந்திட்டன்."

அம்மா அயலவர் பார்க்கப் பகல் வெளிச்சத்தில் முன்கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார்.