கீழ்வீட்டுக்கும் மாடிக்கும் போட்ட ஒயர்

என் அண்ணன் சடையனுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் முருகையன் படிப்பில் கெட்டி, சர்க்கார் ஆபீசில் வேலைக்குப் போய்விட்டான். சின்னவன் கண்ணாயிரத்துக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் கொல்லை நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தால், எதிரில் வந்து நின்றுகொண்டு, "அத்தை, அப்படியே இரு, வெயிலு உன் மூஞ்சில நல்லா விழுது" என்பான். கையில் கேமரா ஒன்றும் இருக்காது. "வெயிலு விழுதா, உன் முதுகுல நான் விழட்டுமாடா?" என்று நான் துரத்துவேன்.

அப்படிப்பட்டவன் திருவண்ணாமலைக்கு வந்து, ஒரு ஸ்டூடியோவில் இருட்டறை வேலை கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகவே ஒரு ஸ்டூடியோ போட்டுவிட்டான். எங்கள் சனத்தில் அவன் படம் பிடிக்காத கல்யாணம் கிடையாது. என் சின்ன மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் சித்தப்பாவை வளைத்து வளைத்து எடுத்தான். கேட்டதற்கு, "அவருக்குத்தான் அத்தை மூக்கு எடுப்பா இருந்துச்சு" என்றான். சம்பந்தி வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஊரையெல்லாம் எடுத்தவனுக்குப் பெற்ற அப்பனை எடுக்க வாய்க்கவில்லை. கேமராவைக் கண்டால் என் அண்ணன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார். படம் எடுத்தால் ஆயுசு கம்மியாகும் என்று யாரோ சின்ன வயதில் சொல்லிவைத்தது. ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர் வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தபோது, முருகையன் மகள் எழிலரசி சின்ன கேமராவில் சட்டென்று எடுத்துவிட்டாள். அண்ணன் வாயெல்லாம் சிரிப்பாக இருந்த படம் அது ஒன்றுதான்.

அந்த வேங்கிக்கால் வீடு அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கட்டியது. கீழே முருகையன், அவன் பெண்டாட்டி வேதா, மகள் எழிலரசி, என் அண்ணி பச்சையம்மாள். மாடியில் கண்ணாயிரமும் அவன் பெண்டாட்டி ரேணுகாம்பாளும் மகள் கவிநிலாவும். சமையல் தனித்தனி. கீழே ஒரு கம்ப்யூட்டர், மாடியில் ஒரு கம்ப்யூட்டர். மாடியில் போட்டோ அச்சடிக்கிற மிஷினும் இருந்தது. இராமலிங்கம் என்று ஒரு மெக்கானிக் குளியலறை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து இரண்டையும் சேர்த்துவைத்தான். கீழே இருக்கிற படத்தை மாடியில் இருந்தே எடுத்துக்கொள்ளலாம், மாடிப் பாட்டைக் கீழே கேட்கலாம். பக்கத்து வீட்டோடு குழம்புக் கிண்ணம் கைமாற்றிக்கொள்கிற மாதிரிதான் என்று எனக்கு விளங்கியது.

அண்ணன் காலமான பிறகு கொல்லையை விற்பதா வைத்துக்கொள்வதா என்று பிள்ளைகளுக்குள் ஒரு வார்த்தை தடித்தது. பெரிய சண்டை இல்லை. பேச்சு குறைந்தது, அவ்வளவுதான். முதல் வருஷத் தெவசம் நெருங்கியது. அந்தப் போண்டாப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு வைக்க வேண்டும் என்பது கண்ணாயிரத்துக்கு ஆசை. படம் கீழ்க் கம்ப்யூட்டரில் இருந்தது. மாடியில் உட்கார்ந்து தேடினான். திரையில் கீழ்க் கம்ப்யூட்டரையே காணோம்.

தெவச வேலைக்கு ஒத்தாசையாக அடி அண்ணாமலையிலிருந்து நான் வந்திருந்த நேரம் அது. என்னிடம்தான் முதலில் பொருமினான்.

"அண்ணன் அடைச்சுட்டாரு அத்தை. நான் உள்ள வரக் கூடாதுன்னு அடைச்சுட்டாரு."

"கீழ போயி கேளேன்டா. சிடியில போட்டுக் குடுக்கப் போறான்."

"எங்க நைனா படத்த நான் கேட்டு வாங்கணுமா? நான் இன்னா மூணாம் மனுசனா? தாமரை நகர்ல ஒரு வீடு பாத்துட்டேன். தெவசம் முடியட்டும், கெளம்பிடறேன்."

கீழே இறங்கினால் அங்கே முருகையன் அதே பாட்டைப் பாடுகிறான். "கவிநிலா பொறந்தநாள் படம் பாக்கலாம்னு தொறந்தேன் அத்தை. மாடி கம்ப்யூட்டரு வரவே மாட்டேங்குது. தம்பி மூடிட்டான். மூடிக்கட்டும்."

மாடிப்படியில் ஏறி இறங்கியே எனக்கு முழங்கால் வீங்கியது.

ரேணுகாம்பாள் விவரமானவள். புருஷனிடம் சொல்லாமல் இராமலிங்கத்துக்குப் போன் போட்டாள். குரங்கு ஒயரைப் பிடுங்கியிருக்கும் என்றான் அவன். போய்ப் பார்த்தாள். ஒயர் நன்றாகவே இருந்தது, நடுவில் இருக்கிற டப்பாவில் பச்சை விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தது. வைரஸைத் தடுக்கிறது ஒன்று உள்ளே இருக்கிறதாம், அது வழியை மறிக்கும், அதை அணைத்துப் பாருங்கள் என்றான். அணைத்தாள். வரவில்லை. மாடிக் கம்ப்யூட்டரைப் போன மாதம்தான் அவன் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றி, அதற்குப் புதுப் பெயரும் வைத்துக் கொடுத்திருந்தான். அதனால் கீழ்க் கம்ப்யூட்டரின் பெயரைக் கேட்டான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் மனிதர்களுக்கு வைப்பதுபோல ஒரு பெயர் வைப்பார்களாம். ரேணுகாம்பாள் போனை வேதாவிடம் கொடுத்தாள்.

"எங்க மாமனார் பேருங்க," என்றாள் வேதா.

"சரிங்க, அது இன்னா பேரு?"

"அதான் சொன்னனே, மாமனார் பேரு."

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்கிற வழக்கம் எங்களில் இல்லை. அவன் சிரித்துவிட்டு, "எந்தப் பேரோ இருக்கட்டும், ரெண்டும் வேற வேறயா இருந்தா போதும்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் நேரிலேயே வந்தான். மாடிக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். திரையில் கட்டம் கட்டி ஏதோ இங்கிலீஷில் எழுதிவந்தது. கண்ணாயிரம் பழக்கதோஷத்தில் கையை நீட்டி அதை அழுத்தப் போனான்.

"இருங்க சார்! இது தினமும் வருதா?"

"வரும். ஓகே குடுத்துடுவேன். எது வந்தாலும் ஓகேதான்."

இராமலிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டான். "இதே பேருல இன்னொண்ணு வீட்டுக்குள்ள இருக்குன்னு அது தெனம் கத்துது. நீங்க வாய மூடு வாய மூடுன்னு அமுத்தறீங்க. கீழ இருக்கறதுக்கு இன்னாங்க பேரு?"

வேதா ரேணுகாம்பாளைப் பார்த்தாள். ரேணுகாம்பாள் வேதாவைப் பார்த்தாள். இரண்டு வாயும் திறக்கவில்லை. எனக்கென்ன, நான் கூடப்பிறந்தவள், என் வாய்க்குப் பூட்டு இல்லை.

"சடையன்," என்றேன்.

"இதுக்கும் சடையன்தான்," என்றான் இராமலிங்கம். "நான்தான் அடிச்சேன், சார் சொன்னாரு. ரெண்டு சடையன் ஒரே ஒயர்ல நின்னா, யாரு கூப்டறாங்க யாரு வரணும்னு அதுக்கு இன்னா தெரியும்? தன்னையே பாத்துக்குனு நிக்குது."

வாசற்படியில் முருகையன் வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தோம். கண்ணாயிரம் எழுந்துவிட்டான்.

"எப்பணா வச்ச?"

"காரியம் முடிஞ்ச வாரம். எழில மாத்தச் சொன்னேன். நமக்கு ரெண்டு பேருக்கும் பொண்ணாப் போச்சு. பேரன் ஒருத்தன் இருந்தா நைனா பேர வச்சிருப்போம். கூப்பிட ஆளில்லாம போயிடுமோன்னு ஒரு இது." முருகையன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ?"

"அதேதான்," என்றான் கண்ணாயிரம். "சொன்னா சிரிப்பியோன்னு சொல்லல."

இராமலிங்கத்துக்கு வேறு வீட்டுக்குப் போக வேண்டும். "ஒண்ண மாத்தணும், எத மாத்தறது?" என்றான்.

"அண்ணன்தான் பெரியவரு. மொத பேரு அவருக்குத்தான் சேரும். என்னுத மாத்து," என்றான் கண்ணாயிரம்.

"நீதான்டா நாளெல்லாம் அதுகூட குந்திக்குனு இருக்க. நைனா மாடியிலயே இருக்கட்டும். கீழ இருக்கறத மாத்து."

அடைத்துவிட்டான் என்று முறுக்கிக்கொண்டிருந்த இருவரும் இப்போது நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று மல்லுக்கு நின்றார்கள். சத்தம் கேட்டு அண்ணி பச்சையம்மாள் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். விஷயத்தைச் சொன்னோம்.

"கீழ இருக்கறதுக்கு என் பேர வைங்கடா," என்றாள். "மாடியில அவரு, கீழ நானு. அவரு கத்துவாரு, நான் கேட்டுக்கறேன். நாப்பது வருசமா அதான நடந்துச்சு."

இராமலிங்கமே சிரித்துவிட்டான். கீழே போய்ப் பெயரை மாற்றி, அணைத்துப் போட்டான். மாடித்திரையில் சடையனுக்குக் கீழே பச்சையம்மாள் வந்து நின்றாள். கண்ணாயிரம் அதைத் திறந்தான். போண்டாவும் கையுமாக என் அண்ணன் சிரித்தார்.

அவன் உடனே அச்சடித்துவிடவில்லை. முகத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபடியே இருந்தான். போண்டாவை எடுத்துவிடலாமா என்று கேட்டான் முருகையன். "அது இருந்தாத்தான் நைனா," என்றான் தம்பி. முருகையன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நான் மெதுவாக, "தாமரை நகரு வீடு இன்னாடா ஆச்சு?" என்றேன்.

"எந்த வீடு?" என்று திரும்பினான் முருகையன்.

"ஒண்ணுமில்லணா, ஒரு கஸ்டமர் வீடு," என்று சொல்லிவிட்டு, கண்ணாயிரம் என்னைப் பார்த்து முறைத்தான்.