காசீம் நானாவின் கடை பூட்டியிருந்த நேரம்

இல்லை, அவர் மதம் மாறவில்லை. பெயரையும் மாற்றவில்லை. அடக்கம் முடிந்த நாளிலிருந்து உங்களில் பலர் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அலைநகரில் நமக்குக் காசீம் நானாவாக இருந்தவரின் பெயர் அன்டன். தலவில ஊர்க்காரர். படகு இஞ்சின் திருத்துவது தொழில். நுரைச்சோலையில் ஓர் இஞ்சினைப் பார்க்கப் போன வழியில் அவருடைய மோட்டார் சைக்கிளில் லொறி ஒன்று மோதியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவரை அறிந்து நம்மை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காகச் சிலது. அலைநகர் ஒரு விளையாட்டு. கணினிக்குள் இருக்கும் துறைமுக நகரம். வெற்றி தோல்வி கிடையாது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, அந்தப் பாத்திரமாகவே பேசி, வேலை செய்து, சண்டை பிடித்து, விட்டுப் போக வேண்டும். கல்பிட்டியிலிருந்து வருவார்கள், மட்டக்களப்பிலிருந்து வருவார்கள், தோஹாவில் வேலை முடித்த கையோடு வருவார்கள். அங்கே அவர் காசீம் நானா, முஸ்லிம் தேத்தண்ணிக் கடைக்காரர்; நான் மலர், பஸ் ஓட்டுபவள். சொந்த ஆளாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுத்தில், இரட்டை அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும். அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பதெல்லாம் கதை. முதற்சட்டம் அது.

அவருடைய தம்பிக்கு அந்தச் சட்டம் தெரியாது.

காசீம் நானாவின் கணக்கிலிருந்து நகரத்தின் பொதுச்சுவரில் அந்தச் செய்தி வந்தபோது பின்னேரம். "அண்ணன் நேத்து லொறி அடிச்சு காலமாகிட்டார். நாளைக்கு தலவிலயில அடக்கம். அறிஞ்சவங்க வாங்க." அடைப்புக்குறி இல்லை. எனவே நாங்கள் கதைக்குள் இறங்கினோம். கதையில் இன்ஸ்பெக்டராக இருக்கும் ரினோஸ், கடைப்பக்கம் யாரும் போகக்கூடாது, லொறியைக் கண்டவர்கள் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று அறிவித்தார். நானாவுக்கு ஏது தம்பி, கடையைப் பிடிக்க வந்த கள்ளன் என்று தோஹாவிலிருந்து ஒருவர் எழுதினார். மலர் பஸ்ஸைக் கடை வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தாள். நல்ல திருப்பம் என்று நான் நினைத்தது நினைவிருக்கிறது.

பிறகு இன்னொரு வரி வந்தது.

"என்ன மனிசர் நீங்க? அண்ணன் பெட்டிக்குள்ள கிடக்கிறார். நான் ஆரிட்ட சொல்றது?"

சுவர் நின்றது. ரினோஸ்தான் முதலில் அடைப்புக்குறியைத் திறந்தார். அதற்குள் ஒரே ஒரு சொல். மெய்யாவா.

அவர் நகரத்துக்கு வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நாங்கள் எல்லோரும் படத்தில் கேட்ட தமிழ்தான் பேசிக்கொண்டிருந்தோம். புத்தளத்துப் பொடியன்கள் மைக்குக்கு முன்னால் இருந்ததும் சென்னை ரவுடிகளாகிவிடுவார்கள். ரினோஸ் அந்த நாட்களில் பொலிஸ் இல்லை, ரவுடி. துறைமுகத்தில் புதிதாக ஒரு தேத்தண்ணிக் கடை முளைத்திருப்பதைக் கண்டு உள்ளே போய், கடைக்காரரின் கழுத்தில் துவக்கை வைத்து மாமூல் கேட்டார்.

"அதென்ன மகன் மாமூல்?" என்றது ஒரு குரல். அவசரமில்லாத, கொஞ்சம் கரகரத்த குரல். "இங்க பணிசும் பிளேன்டியும்தான் இரிக்கி. துவக்க அங்கால வெச்சிட்டு இரிங்க. பாத்து, அந்தக் கதிர ஆடும்."

ரினோஸ் சிரித்துவிட்டார். பாத்திரம் உடைந்தால் தண்டனை உண்டு, அனுபவித்தார். ஆனால் மறுநாள் அதே கடைக்குப் போய், எங்கள் ஊர்ப் பேச்சில், சீனி குறைவாக ஒரு பிளேன்டி கேட்டார். படத்தமிழ் அன்று முதல் குறையத் தொடங்கியது. யாரும் தீர்மானம் எடுக்கவில்லை. கடைக்குள் அந்தத் தமிழ் எடுபடவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் குரலை எங்கே பிடித்தீர்கள் என்று ஒருமுறை யாரோ அடைப்புக்குறிக்குள் கேட்டார்கள். சின்ன வயதில் கல்பிட்டியில் ஒரு முதலாளியின் கடையில் வேலை செய்ததாகவும், அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டார் என்றும் எழுதினார். பிறகு, கேட்காமலே, இன்னும் ஒரு வரி: "((அவர்ட கதைய கேக்கணும் போல இருக்கும். கதைக்க ஆளில்ல. அதான் நானே கதைக்கிறன்.))"

இதை வாசித்தபோது எனக்கு அவர் நம்மாள் என்றே பட்டது. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பம் என்னுடையது. பிறந்தது புத்தளத்தில், ஆனாலும் வீட்டுப் பேச்சு வேறு, வெளிப் பேச்சு வேறு. இரண்டையும் சேர்த்துக் கேட்கும் காது எனக்கு உண்டு. அந்தக் காதுக்கும் காசீம் நானாவின் பேச்சில் ஒரு பிசிறும் தட்டுப்படவில்லை.

பிறகு, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த ஆண்டு. நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். அலைநகர் சில நாட்கள் மூடியிருந்து திறந்தது. நான் உள்ளே போனேன், ஆனால் மைக்கைத் திறக்கவில்லை. எல்லா முஸ்லிம்களையும் சந்தேகித்த அந்த நாட்களில் வெளியேயும் பஸ்ஸில் வாய் திறக்காமல்தான் போய் வந்தேன். காசீம் நானாவின் கடையில் கூட்டம். ஒருவன் வந்து, கதைக்குள் நின்றபடியே, கதைக்கு வெளியே இருந்து கொண்டுவந்த, முஸ்லிம்களைப் பழிக்கும் ஒரு கெட்ட வார்த்தையை அவர் முகத்தில் எறிந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கோப்பையைக் கழுவினார். பிறகு அவனுக்கு ஒரு தேத்தண்ணி வைத்தார். "ஆறப் போகுது மகன், குடிங்க" என்றார். அவன் குடிக்கவில்லை, போகவும் இல்லை.

பயமில்லையா, கொஞ்ச நாள் வேறு பாத்திரம் எடுக்கலாமே என்று அவருக்குத் தனியாக எழுதினேன். "((இண்டைக்கு இவர மூடினா பிறகு என்னால திறக்க ஏலாது))" என்று வந்தது. அந்த வரியை நான் என் மொழியில் படித்தேன். ஒரு முஸ்லிம் அப்படித்தான் சொல்வார் என்று.

பொழுது படும் நேரம், மாலைத் தொழுகைக்கு, அவர் கடை பூட்டுவது உங்களுக்குத் தெரியும். மஃரிப். "பாங்கு சொல்லிட்டாங்க, கோப்பைய வெச்சிட்டு எழும்புங்க புள்ளையள்" என்பார். தகரக் கதவு இறங்கும். அவருடைய உருவம் நகரத்திலிருந்து மறைந்துவிடும். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் தூக்குவார். நாங்கள் வாசலில் காத்திருப்போம். சிலர் அதற்குள் கடற்கரையில் ஓர் ஓட்டம் ஓடிவிட்டு வருவார்கள்.

நீங்களும் தொழுதுவிட்டுத்தான் வருகிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். நான் தொழுதுவிட்டு வந்திருந்தேன். ஒரு சிநேகத்தில் கேட்ட கேள்வி.

"((நான் மாதா கோயிலுக்குப் போற ஆள் தங்கச்சி.))"

அப்படியானால் எதற்கு மறைந்து போகிறீர்கள், பாத்திரத்தைப் பள்ளிவாசலுக்கு நடத்திக்கொண்டு போகலாமே என்றேன். நகரத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. உருவத்தை முழங்காலிட வைக்க ஒரு பொத்தானும் இருக்கிறது.

"((காசீம் நானா தொழுவார். எனக்குத் தொழத் தெரியா. அவர் தொழுற நேரம் நான் அவரா இருக்கக் கூடாது. குனிஞ்சு நிமிந்து காட்டினா அது பகிடி.))"

அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இருவருக்கிடையே அடைப்புக்குறிக்குள் பேசியது வெளியே போகாது என்பதும் நமது சட்டம். ரினோஸுக்குக்கூடத் தெரியாது. அதனால்தான் அடக்கத்தன்று அது நடந்தது.

நான் பாலாவியிலிருந்து பஸ்ஸில் போனேன். ரினோஸ் எனக்கு முன்னமே மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். சந்திக்கடையில் நிறுத்தி, காசீம் நானாவின் மையத்து வீடு எது என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒருவர் இந்த ஊரில் இல்லை, இங்கே முழுக்க வேதக்காரர், கிறிஸ்தவர்கள் என்றார்களாம். லொறி அடித்தவர், எந்த நேரமும் கணினியில் பேசுபவர் என்று இவர் விளக்க, அவர்களுக்கு ஆள் விளங்கிவிட்டது. நாங்கள் அந்த வீட்டு வாசற் படலைக்குப் போவதற்குள் செய்தி எங்களை முந்திப் போயிருந்தது. அன்டனுக்கு ஒரு முஸ்லிம் பெயர் இருந்திருக்கிறது. அவனைத் தேடி முஸ்லிம்கள் வந்திருக்கிறார்கள்.

படலையில் அவருடைய மாமா நின்றார். கோபக்காரர் இல்லை, பயந்திருந்தார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. அவன் உங்கட ஆளா மாறிட்டானா? மையத்தக் கேட்டா வந்தீங்க, உங்கட முறையில அடக்க?"

ரினோஸ் திகைத்துப் போனார். அன்றுதான் அவருக்கும் அன்டன் ஒரு கத்தோலிக்கர் என்று தெரிந்தது. இல்லை மாமா, நாங்கள் சிநேகிதர்கள், இது ஒரு விளையாட்டு என்றார். செத்த வீட்டு வாசலில் விளையாட்டு என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று அவருக்கே விளங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். உள்ளே ஆட்கள் குசுகுசுத்தார்கள். பெட்டியை எடுக்கும் நேரம் நெருங்கியிருந்தது. கோயிலில் காத்திருக்கும் சுவாமிக்கு என்ன சொல்வது என்று யாரோ கேட்டது எனக்குக் கேட்டது.

அப்போது அவருடைய அம்மா என்னைக் கூப்பிட்டார். என்னை மட்டும். பெட்டியின் தலைமாட்டில், தன் பக்கத்தில் இருத்தினார். அழுது முடிந்த முகம். கையில் செபமாலை.

"ஒண்டும் மறைக்காத மகள். நான் கதவுக்கு வெளிய நிண்டு கேட்டிருக்கிறன். சலாம் சொல்லுவான். அல்ஹம்துலில்லா எண்டுவான். வேற ஆள்ட சத்தம். வெளிய வந்தா என்ட புள்ள. நான் ஒரு நாளும் கேக்கல்ல. கேட்டு, ஓம் எண்டு சொல்லிட்டான் எண்டா?" பெட்டிப் பக்கம் திரும்பினார். "இப்ப நான் ஆரப் புதைக்கிறன்?"

பெரிய வெள்ளிக்கு ஊரில் பாஸ்கு நாடகம் போடுவார்களே, யூதாசாக நடிப்பவர் யூதாசா, அப்படித்தான் இதுவும் என்றேன். வழியிலேயே தயார்செய்து வந்த உதாரணம் அது. அவர் தலையை ஆட்டினார். "அது ஒரு நாளைக்கு மகள். இவன் வருசக்கணக்கா."

அவர் சொன்னது சரி. என்னிடம் வேறு உதாரணம் இல்லை. ஆகவே நடந்ததைச் சொன்னேன். அடைப்புக்குறிப் பேச்சு வெளியே போகாது என்ற சட்டத்தை நான் மீறியது அங்கேதான். காசீம் நானா தொழும் நேரம் உங்கள் மகன் காசீம் நானாவாக இருக்கமாட்டார், கடையைப் பூட்டிவிட்டு வெளியே போய்விடுவார், தொழுகையை நடிப்பது பகிடி என்று என்னிடம் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"அது எந்த நேரம்?"

"மஃரிப். பொழுது படுற நேரம் அம்மா."

அவர் கை செபமாலையில் ஓர் இடத்தில் நின்றது.

"அந்த நேரம் அவன் என்னோட முழங்கால்ல நிப்பான்" என்றார். "ஒவ்வொரு நாளும். கடைசி மணி உருட்டின உடன எழும்பி ஓடுவான். செபத்தில மனசில்லாம ஓடுறான் எண்டு நான் ஏசியிருக்கிறன்."

நாங்கள் கடை வாசலில் காத்திருந்தோம். அதைத்தான் நான் அவருக்குச் சொன்னேன். உங்கள் மகன் ஓடி வந்தது நாங்கள் காத்திருந்ததால் என்று. அவர் என் கையைப் பிடித்தார். கனநேரம் விடவில்லை. பிறகு குரலை உயர்த்தாமல், படலையில் நின்ற தன் தம்பியை, அந்த மாமாவை, கூப்பிட்டார்.

"சுவாமிக்குச் சொல்லியனுப்பு. நேரத்துக்கு எடுப்பம். அந்தப் பொடியன உள்ள வரச் சொல்லு, வெயிலுக்க நிக்கிறான்."

வாசலில் ரினோஸ் தொப்பியைக் கழற்றினார். "போட்டுக்கொண்டே வா மகன்" என்றார் அம்மா.

அன்டனின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். நான் நினைத்ததைவிட இளையவர். அந்த முகத்தில் அந்தக் குரல் எங்கே இருந்திருக்கும் என்று தேடினேன். தெரியவில்லை.

இனி, நீங்கள் கேட்ட மற்ற விஷயம். அலைநகரில் காசீம் நானாவுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தலாம், எல்லாப் பாத்திரங்களும் வரிசையாக நிற்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். முறை தெரிந்தவள் என்று என்னை முன்நிற்கவும் கேட்டிருக்கிறீர்கள். அன்பில் கேட்கிறீர்கள், தெரிகிறது. நான் வரமாட்டேன். வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பாத்திரம் சாக, சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். அதைக் கேட்க இனி ஆளில்லை. கேட்டிருந்தாலும் மையத்துத் தொழுகையை அவர் நடிக்கவிட்டிருக்க மாட்டார். கடை பூட்டியபடியே இருக்கட்டும். கடந்து போகிறவர்கள் சலாம் சொல்லிவிட்டுப் போகலாம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குரலை அல்ல. எனக்கு அது வராது. இன்னொருவராக எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் நின்று இறங்க வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். இறங்கிய இடத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. வைத்துக்கொள்வது இதைத்தான்.

அடக்கம் முடிந்து கடைசி பஸ்ஸில் புத்தளம் வந்தேன். உம்மா அடுப்படியில் இருந்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருக்கச் சொல்லி, யாருடைய அடக்கத்துக்குப் போனேன் என்பதையும், உம்மா ஒரு நாளும் விசாரிக்காத, என் அறைக்குள் இருந்து சத்தம் கேட்கும் அந்த மலர் யார் என்பதையும் சொன்னேன்.